சென்னைல சாரிட்டி ரைடுக்கு பேர் குடுத்தாச்சு, சைக்கிள் தொட்டு வருஷக்கணக்காச்சா?

அப்போ மொதல்ல சீட்டை இறக்குங்க. ரெண்டு பாதமும் தரையில முழுசா படுற உயரம் இருந்தாலே விழுந்துடுவோம்ங்கற பயம் பாதி போயிடும். பெடல் மிதிக்காம காலாலயே தள்ளித் தள்ளி போய், பேலன்ஸ் வந்தப்புறம் மிதிங்க. ஆனா ஓட்ட வந்ததும் சீட்டை ஏத்திடணும், குதிகால பெடல்ல வச்சு பெடலை அடியில கொண்டுவந்தா கால் நேரா நிக்கணும், இல்லன்னா நாவலூர் தாண்டுறதுக்குள்ள முட்டி வலி ஆரம்பிச்சிடும்.

எடுத்தவுடனே ஈசிஆர் போகாதீங்க ப்ளீஸ். பெசன்ட் நகர் உள்தெருங்க, விடியக்காலைல காலியா இருக்கும், அது போதும்.

நெறைய பேர் ட்ராஃபிக்குக்கு தான் பயப்படுறாங்க, என்னைக் கேட்டா ரைடு அன்னிக்கு பயமே பக்கத்துல ஒட்டி வர்ற சைக்கிள்ங்க தான். அதனால ஒரு ஃப்ரெண்டை கூட்டிட்டு போய் பக்கத்துலயே ஓட்ட சொல்லுங்க, அவங்க பேச்சு குடுக்கட்டும், நீங்க ஹேண்டில் ஆடாம வலது தோள் பக்கமா திரும்பி பின்னாடி பாத்து பழகுங்க, அப்புறம் ஒரு கைய எடுத்து சிக்னல் காட்டுங்க, இது ரெண்டும் வந்துட்டா தைரியம் தானா வரும்.

முன் பிரேக்கை மட்டும் சடார்னு புடிக்காதீங்க, ரெண்டையும் சேர்த்து மெதுவா புடிங்க. நிறுத்தி வச்சிருக்க கார்ல இருந்து ஒரு கதவு அகலம் தள்ளியே போங்க. துப்பட்டாவை இறுக்கி கட்டிக்கோங்க, செயின்ல மாட்டினா அவ்ளோதான். கிளம்புறதுக்கு முன்னாடி டயர்ல காத்து செக் பண்ணிக்கோங்க, ஹெல்மெட்டும் மறக்காம.