பதவி உயர்வா? ஒய்பி கடிதத்தை வீட்டிலேயே வையுங்கள்

அரசு வேலையில் பதவி உயர்வு நேர்காணல் நெருங்கினால் மலேசியாவின் பினாங்கில் நம்மவர்கள் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது ஒய்பியின், அதாவது தொகுதி மக்கள் பிரதிநிதியின், சேவை மையம்தான். மிண்டனில் யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் வேலை செய்பவரும் சரி, ஜாவி சிறையில் வார்டராக இருப்பவரும் சரி, "ஒரு கடிதம் வாங்கினால் முடிந்துவிடும்" என்று யாராவது மாமா சொல்லிக் கொடுத்திருப்பார். கேட்காதீர்கள். அரசு ஊழியர் நடத்தை, ஒழுங்கு விதிகள் (1993), தன் கோரிக்கைக்கு வெளியாள் செல்வாக்கைக் கொண்டு வருவதையே குற்றம் என்கின்றன. சிபாரிசுக் கடிதம் கோப்பில் ஏறினால் உங்களுக்கு எதிராகவே பேசும். பல்கலைக்கழக ஊழியர்களுக்கு 1993 விதிகள் இல்லை என்று நினைத்தால், 2000ஆம் ஆண்டின் சட்டபூர்வ அமைப்புகளுக்கான ஒழுங்குச் சட்டம் இருக்கிறது.

இன்னொரு குழப்பம், 'மெனாங்கோங் கெர்ஜா'வும் 'மெமாங்கு'வும். மேலதிகாரியின் நாற்காலி காலியாக இருக்கும்போது உங்கள் வேலையோடு அதையும் சேர்த்துப் பார்ப்பது முதலாவது. அதற்கு அலவன்ஸ் கிடைக்கலாம், பதவி உரிமை கிடைக்காது. உயர்வை நோக்கித் தற்காலிகமாக அந்த கிரேடில் அமர்த்துவது இரண்டாவது. "ஒரு வருஷமா நான்தான் பாஸ்" என்று வீட்டில் சொல்லிக்கொள்வதற்கு முன்னால் நியமனக் கடிதத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள்.

சிறைத்துறையில் மாநிலச் சிறை என்று ஒன்று கிடையாது, எல்லாம் மத்திய அரசுடையது. இன்ஸ்பெக்டராகும்போது கிளந்தானுக்கோ சபாவுக்கோ மாற்றல் வரலாம். பினாங்கை விட மாட்டேன் என்பவர் அதை முன்கூட்டியே வீட்டில் பேசி முடித்துவிடுவது நல்லது. அப்புறம், 2024 டிசம்பர் 1 முதல் எஸ்எஸ்பிஏ என்ற புதிய அரசு ஊதிய முறை வந்து 19, 29, 41 என்ற கிரேடுகள் 1, 5, 9 ஆகிவிட்டன. பழைய எண்ணை வைத்துப் பேசினால் தயார் செய்யாமல் வந்தவர் என்று தெரிந்துவிடும்.

பல்கலைக்கழகத்தில் தவறு வேறு மாதிரி. டீன் பதவி காலவரையறை உள்ள பொறுப்பு, முடிந்தால் மீண்டும் விரிவுரையாளர்தான். பேராசிரியர் பதவிக்கோ கட்டுரைகள், ஆய்வு மாணவர்கள், ஆய்வு நிதி எல்லாம் எண்ணப்படும். கூட்டத்திலிருந்து கூட்டத்துக்கு ஓடி நாலு வருஷம் ஒன்றும் எழுதாமல் போனால், நிர்வாகத் திறமையைச் சொல்லி அந்த இடைவெளியை மூட முடியாது. துணைவேந்தர் கனவு இருப்பவருக்கும் இதுதான் அடித்தளம். அவரை நியமிப்பது உயர்கல்வி அமைச்சர், ஆலோசனை சொல்ல ஒரு குழு இருக்கும்.

ஆண்டு மதிப்பீட்டை டிசம்பர் கடைசி வாரத்தில் ஞாபகத்திலிருந்து நிரப்பாதீர்கள். ஜனவரியில் இலக்கு எழுதும்போதே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள்.

கடைசியாக, புது வீடு வாங்கிவிட்டுச் சொத்து விவரத்தைப் புதுப்பிக்காமல் இருப்பது. உயர்வுக்கு முன் எஸ்பிஆர்எம் (ஊழல் தடுப்பு ஆணையம்) சோதனை வரும்போது, உங்கள் பெயர் அங்கேயே தடைபட்டுவிடும்.