பிளேடு ஜிக்: வீட்டிலேயே செய்வது எப்படி

தூண்டிலில் பாஸ் மீன் பிடிக்கப் போகிறவர்களின் பெட்டியில் ஒரு பிளேடு ஜிக்காவது கிடக்கும். ஈயத்தலை வைத்த முள், அதைச் சுற்றி ஸ்கர்ட் எனும் சிலிக்கோன் இழைக் குஞ்சம், தலைக்கு முன்னால் குறுக்காக ஒரு சின்னத் தகடு. அவ்வளவுதான் ஆள். இழுத்தால் தகடு இடமும் வலமுமாக ஆடித் தலையில் மோதும். அந்த அதிர்வைத் தண்ணீர் கலங்கியிருந்தாலும் மீன் தன் பக்கக்கோட்டு உறுப்பால் உணர்ந்துவிடும். 2006-இல் ஃபுளோரிடாவின் ஓக்கிசோபி ஏரியில் பிரையன் திரிஃப்ட் இந்த வகை லூரை (செயற்கை இரையை) வைத்துப் போட்டியை வென்ற பிறகுதான் இது ஊரெல்லாம் பரவியது. சாட்டர்பெய்ட் என்ற பெயரில் பலருக்கும் தெரிந்திருக்கும்.

இதைச் செய்யப் பெரிய பட்டறை தேவையில்லை. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த லூரின் உயிர் தகடும் தலையும் சேரும் மூட்டில் இருக்கிறது. புதிதாகச் செய்கிறவர்கள் பெயின்ட் அடிக்கவும் மீன்கண் வரையவும் ஒரு மாலை முழுக்கச் செலவழித்துவிட்டு, மூட்டை அரை நிமிடத்தில் மாட்டிவிடுகிறார்கள். அப்புறம் தண்ணீரில் போட்டால் அது ஆடாமல் கட்டைபோல வரும்.

என்னென்ன வேண்டும்

4/0 அல்லது 5/0 அளவு முள் வைத்த ஜிக் தலை, கால் முதல் அரை அவுன்ஸ் வரை (7 முதல் 14 கிராம்). முதல் முறைக்கு 10 கிராமை ஒட்டியது நல்லது. துளை போட்ட ஸ்டெயின்லெஸ் தகடு, ஸ்பிளிட் ரிங் (சாவிக்கொத்து வளையம்போன்ற சின்ன வளையம்), ஒரு ஸ்னாப் (தூண்டில் நரம்பைக் கட்டும் கம்பிப் பூட்டு), ஸ்கர்ட் இழைகள், அதைக் கட்ட ரப்பர் வளையம் அல்லது மெல்லிய செம்புக் கம்பி. கருவி என்றால் ஸ்பிளிட் ரிங் இடுக்கி, சின்ன அரம், கத்தரிக்கோல், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி.

தகட்டை முதல் முறை வாங்கிவிடுங்கள். ஸ்டெயின்லெஸைச் சமச்சீராக வெட்டி, துளையை நடுக்கோட்டில் போட்டு, சரியான வளைவும் கொடுப்பது தனி வேலை. துளை ஒரு மில்லிமீட்டர் விலகினாலே லூர் ஒரு பக்கமாக ஓடும். ஒரு நல்ல தகடு கையில் இருந்தால், பின்னால் நீங்களே வெட்டும்போது அதை அச்சாக வைத்துக்கொள்ளலாம்.

தலை: வாங்கலாமா, வார்க்கலாமா?

வாங்குங்கள். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் அது நொடியில் ஆவியாகி, ஈயத்தை முகத்தில் தெறிக்க வைக்கும். இருந்தும் வார்த்தே தீருவேன் என்பவர்கள் வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில், நீளக்கை சட்டையும் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, துளி ஈரமும் இல்லாமல் காய்ந்த அச்சில் வார்க்கவும். சமையல் பாத்திரம் எதையும் இதற்குத் தொடாதீர்கள். வார்க்காவிட்டாலும், ஈயத்தைக் கையாண்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிட வேண்டாம்.

ஈயத்தை விழுங்கிய நீர்ப்பறவைகள் செத்துப்போவதால், அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் போன்ற மாநிலங்களில் ஒரு அவுன்ஸும் அதற்குக் குறைவுமான ஈய ஜிக்குகளுக்குத் தடை இருக்கிறது. உங்கள் ஏரிக்கு என்ன விதி என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஈயத்துக்குப் பதில் பிஸ்மத்-தகரக் கலவை இருக்கிறது. 138 டிகிரியிலேயே உருகிவிடும். ஆனால் அடர்த்தி குறைவு. 14 கிராம் ஈயத்தலை வரும் அச்சில் இதை ஊற்றினால் பத்தரை கிராம் அளவில்தான் வரும். எடையை நம்பி மீன் பிடிக்கிறவர்கள் இதை மறக்கக்கூடாது.

மூட்டு

தலையில் இருக்கும் கண், அதாவது தகட்டை மாட்டும் கம்பி வளையம், எந்தத் திசையில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. முள் வளைந்திருக்கும் அதே தளத்தில், நெட்டுக்குத்தாக நிற்கும் கண் ஒரு வகை. அதற்குக் குறுக்காக, படுக்கையாக இருக்கும் கண் இன்னொரு வகை.

சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் முந்தியதற்குக் குறுக்காகத் திரும்புமே, அதே கணக்குதான் இங்கேயும். தகட்டின் முகம் முன்னோக்கி, குறுக்காக நிற்க வேண்டும். படுக்கைக் கண் என்றால் ஒரே ஒரு ஸ்பிளிட் ரிங் போதும்: ரிங் நெட்டுக்குத்தாகத் தொங்கும், தகடு குறுக்காக விழும். நெட்டுக்குத்துக் கண்ணில் ஒரு ரிங் போட்டால் தகடு பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும். அதற்கு இரண்டு ரிங் போட வேண்டும். ஆனால் அப்போது தகடு தலையை விட்டு விலகிப்போய், மோதும் சத்தம் குறைந்துவிடும். அதனால் ரிங் வைத்துச் செய்கிறவர்கள் படுக்கைக் கண் உள்ள தலையாகத் தேடி வாங்குவது நல்லது. கடை லூர்கள் பலவற்றில் ரிங்கே இருக்காது. தகட்டை நெட்டுக்குத்துக் கண்ணிலேயே நேரடியாகக் கோத்திருப்பார்கள். அதனால்தான் அவற்றின் அடி அவ்வளவு இறுக்கமாகக் கேட்கிறது. மூடிய கண்ணில் அப்படிக் கோர்க்க முடியாது என்பதால் வீட்டில் செய்வதற்கு ரிங்தான் வழி.

கண்ணுக்குள் பெயின்ட் அடைத்திருந்தால் ஊசியால் குத்தி எடுத்துவிடுங்கள். தகட்டுத் துளையின் விளிம்பில் பிசிறு இருந்தால் அரத்தால் லேசாகத் தேய்க்கவும். ரிங்கை இடுக்கியால் விரித்துக் கண்ணில் ஏற்றி, தகட்டின் ஓரத்துத் துளையையும் அதே ரிங்கில் ஏற்றுங்கள். நரம்பு கட்டுவதற்கான ஸ்னாப் அடுத்த துளைக்குப் போகும். நரம்பை நேராகத் தகட்டில் கட்ட வேண்டாம். துளை விளிம்பு அறுத்துவிடும்.

இப்போது ஸ்னாப்பைப் பிடித்துத் தூக்கி, தலையை விரலால் கிடைமட்டமாக நிறுத்துங்கள். தகட்டைத் தட்டினால் இரண்டு பக்கமும் ஒரே அளவு ஆட வேண்டும். அப்படி ஆடும்போது தகட்டின் விளிம்பு தலையை ‘டிக் டிக்’ என்று தொட வேண்டும். தொடவே இல்லையென்றால் ரிங் பெரிது. தொட்டு அங்கேயே சிக்கி நின்றால் ரிங் சிறிது, இல்லையென்றால் துளையில் இன்னும் பிசிறு இருக்கிறது. இரண்டு மூன்று அளவு ரிங் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பாருங்கள். இந்த இடத்தில் அவசரம் வேண்டாம்.

பெயின்ட்

மூட்டு சரியானதும் தகட்டைக் கழற்றிவிட்டுத்தான் பெயின்ட். பவுடர் பெயின்ட் என்றால் தலையைச் சூடாக்கிப் பவுடரில் ஒரு நொடி முக்கி எடுத்து, டப்பாவில் சொன்ன வெப்பத்தில் பதப்படுத்தவும். அந்த அடுப்பில் பிறகு சமைக்கக்கூடாது. நெயில் பாலிஷ் கூடப் போதும். அடிக்காமல் விட்டாலும் மீன் கோபித்துக்கொள்ளாது.

ஸ்கர்ட்

நாற்பது ஐம்பது இழை போதும். அடர்த்தி கூடினால் தண்ணீர் பிடித்துத் தகட்டின் ஆட்டம் மந்தமாகும். இழைக்கட்டைத் தலைக்குப் பின்னால் உள்ள கழுத்தில் சுற்றி, ரப்பர் வளையத்தால் பிடிக்கலாம். செம்புக் கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கிக் கட்டினால் இன்னும் உறுதி. முறுக்கிய நுனியை ஒட்ட வெட்டி உள்பக்கம் மடக்கிவிடுங்கள், விரலைக் கிழிக்கும். இழைகளின் நுனி ஒட்டியிருக்கும். அதை இழுத்துப் பிடித்தபடி வெட்டினால் தனித்தனியாகப் பிரிந்துவிடும். முன்பக்கம் நீளும் இழைகளைத் தகட்டுக்குப் பின்னாலேயே நிறுத்திக் கத்தரிக்கவும். தகட்டுக்கும் தலைக்கும் நடுவே ஓர் இழை மாட்டினாலும் ஆட்டம் போச்சு.

நிறத்துக்கு ரொம்ப மண்டையைக் குழப்ப வேண்டாம். தெளிந்த நீருக்குப் பச்சை-பழுப்பு அல்லது வெள்ளை, கலங்கிய நீருக்குக் கறுப்பு-நீலம். இந்த மூன்றிலேயே பல வருடம் ஓட்டலாம்.

ஓட்டிப் பார்ப்பது

தகட்டைத் திரும்ப மாட்டி, பின்னால் ஒரு மென்பிளாஸ்டிக் மீனைக் கோத்து, கரையோரம் தெளிந்த தண்ணீரில் கூடவே நடந்து இழுத்துப் பாருங்கள். மெதுவாக இழுத்தாலே ஓரிரு சாணுக்குள் ஆட்டம் தொடங்க வேண்டும்.

ஒரு பக்கமாக ஓடினால் முதலில் பிளாஸ்டிக் மீன் நேராகக் கோத்திருக்கிறதா என்று பாருங்கள். பாதிக் குற்றம் அங்கேதான். அது நேராக இருந்தும் ஓடினால் தலையின் கண் கோணியிருக்கும், இடுக்கியால் மயிரிழை அளவு திருப்பவும். வேகமாக இழுக்கும்போது குப்புறச் சாய்ந்தால் தலையின் எடை தகட்டுக்குப் போதவில்லை. கனமான தலைக்கு மாறுங்கள், இல்லையென்றால் சின்னத் தகடு போடுங்கள். ஆட்டம் தொடங்கவே தாமதமானால் வாலடிக்கும் பெரிய பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு நேர்வாலுள்ள ஒல்லியான ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

சரியாக ஓடியதும் புல் திட்டின் மேல்விளிம்பை உரசிக்கொண்டு வரும்படி இழுங்கள். புல்லில் மாட்டினால் ராடை (தூண்டில் கம்பை) சுண்டி விடுவிக்கவும்; பெரும்பாலும் அந்தச் சுண்டலுக்குப் பின்னால்தான் பாஸ் அடிக்கும். வீடு வந்ததும் லூரைத் துடைத்துக் காய வையுங்கள். துருப்பிடித்த ஸ்பிளிட் ரிங்கை அடுத்த முறை நம்பாமல் மாற்றிவிடுங்கள்.