குப்பையே இல்லாத வீடு: தொடக்கத்திலேயே தவிர்க்க வேண்டிய தவறுகள்

குப்பையை அடியோடு ஒழிக்க முடிவெடுத்த வீட்டில் முதல் தவறு முதல் வாரமே நடந்துவிடும். கடைக்குப் போய் மூங்கில் பிரஷ், எவர்சில்வர் உறிஞ்சுகுழல், வரிசையாகக் கண்ணாடி ஜாடி என்று வாங்கி வந்து, நன்றாக இருந்த பிளாஸ்டிக் டப்பாக்களைத் தூக்கிப் போடுகிறார்கள். இன்னும் பல வருடம் உழைக்க வேண்டிய டப்பா அன்றைக்கே குப்பையாகிறது. உடையும்வரை பருப்பும் மல்லியும் அதிலேயே இருக்கட்டும். சூடான குழம்பு மட்டும் அதில் வேண்டாம்.

வாங்குவதற்கு முன் ஏழு நாள் குப்பையை எடை போட்டுப் பாருங்கள். ஈரக் குப்பை, உலர் குப்பை, அபாயக் குப்பை எனப் பிரித்துக் கொடுக்கும்படி 2016-இல் வந்த திடக்கழிவு விதிகளே சொல்லிவிட்டன. அப்படிப் பிரித்து நிறுத்தால், அன்றாடம் சமைக்கும் வீட்டில் பாதிக்கு மேல் ஈரக் குப்பைதான் இருக்கும். வெங்காயத் தோல், காபிச் சக்கை, வாழைப்பழத் தோல், கீரைத் தண்டு. ஆகவே ஜாடிக்கு முன்னால் வாங்க வேண்டியது, இந்தக் கழிவை மட்கவைத்து உரமாக்கும் உரப் பானை. பாதியில் கைவிடுகிற வீடுகள் பெரும்பாலும் தோற்பதும் இந்தப் பானையிடம்தான்.

நாற்றம் அடிக்கிறது, புழு வந்துவிட்டது என்பார்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றே: காய்ந்த சருகு போதவில்லை. காய்கறிக் கழிவில் பெரும்பகுதி தண்ணீர். அது அடியில் தேங்கினால் காற்று புகாது, காற்றில்லாத இடத்தில் மட்காமல் அழுகும். ஒரு கிண்ணம் கழிவு போட்டால் அதன்மேல் அதே கிண்ணத்தால் ஒன்று முதல் இரண்டு கிண்ணம் சருகு போட வேண்டும். சருகு கிடைக்காத அடுக்குமாடியில், கட்டியாக விற்கும் தென்னை நார்த்தூள் போதும். ஆனால் அந்தக் கட்டியைச் செடிக்குப் போடுவதுபோல் நீரில் ஊறவைத்து ஈரமாகவே பானையில் கொட்டுகிறார்கள். ஏற்கெனவே நீர் குடித்த தூள் இன்னும் எதை உறிஞ்சும்? உதிர்த்து வெயிலில் காயவைத்த பிறகே போட வேண்டும்.

ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் சருகு சேர்த்துக் கிளறுங்கள், பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். வாரம் இருமுறை அடிவரை கிளற வேண்டும். பானையின் பக்கத்திலும் அடியிலும் துளை இருப்பது கட்டாயம். தொடங்கும்போது ஒரு கரண்டி புளித்த மோரோ, கைப்பிடி பழைய தொழுவுரமோ போட்டால் போதும். தடித்த வெண்புழு வந்தால் பிளீச்சிங் பவுடர் போட்டுவிடாதீர்கள், மட்கவைக்கும் நுண்ணுயிரும் சேர்ந்து செத்துவிடும். அந்தப் புழுவும் கழிவைத்தான் தின்கிறது. பார்க்கப் பிடிக்காவிட்டால் மேலே இரண்டு அங்குலம் சருகு மூடினால் போதும்.

மீன் முள், எலும்பு, எண்ணெய் வழியும் குழம்பு முதல் பானையில் வேண்டாம். தேங்காய் ஓடு மட்க வருடக்கணக்காகும். கடை பில்லின் வழவழத் தாளில் ரசாயனப் பூச்சு உண்டு, அதுவும் கூடாது. பானை நிரம்பியதும் மூடி ஒன்றரை, இரண்டு மாதம் விட்டுவிட்டு அடுத்ததில் தொடங்குங்கள். நால்வர் வீட்டுக்கு மூன்று பானை தேவை. ஒரே பானையில் நாளும் புதுக் கழிவைப் போட்டுக்கொண்டே போனால் உரம் ஒருநாளும் முடியாது.

உலர் குப்பையில் பால் கவர்தான் தினசரி வரவு. மூலையைத் துண்டாக வெட்டி எறிவது பலருக்குப் பழக்கம். அந்தச் சின்ன முக்கோணத்தை யாரும் பொறுக்க மாட்டார்கள், மறுசுழற்சிக்கும் போகாது. ஒட்டிக்கொண்டிருக்கும்படி கீறி ஊற்றுங்கள். பிறகு பக்கவாட்டில் முழுக்கத் திறந்து, அரை டம்ளர் தண்ணீரில் அலசி, கொடியில் கிளிப் போட்டுக் காயவிடுங்கள். அலசிய நீர் கறிவேப்பிலைச் செடிக்கு. காய்ந்த கவரைப் பழைய பேப்பர் கடையில் எடுத்துக்கொள்வார்கள். பால் நாறும் கவரை வாங்க மாட்டார்கள்.

பாக்கெட் வேண்டாமென்று கடைக்குச் சொந்தப் பாத்திரம் கொண்டுபோகிறவர்கள் வெறும் பாத்திரத்தை முதலில் எடை போடச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். எண்ணெய்த் தூக்கு ஈரமாக இருந்தால் செக்கு எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். பாக்கெட் மிச்சம் என்று ஐந்து கிலோ பருப்பு வாங்கி, வண்டு விழுந்து கொட்டுவதும் குப்பைதான். மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, ஒருநாள் வெயில் காட்டி வையுங்கள்.

காகிதக் கப் நல்லது என்ற நம்பிக்கையும் தவறு. உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்த பொருட்களில் அதுவும் ஒன்று. ‘மட்கும் பை’ எனப் போட்ட பைகளில் பெரும்பாலானவை தொழிற்கூடத்தின் உயர்வெப்பத்தில்தான் மட்கும், வீட்டுப் பானையில் அப்படியே கிடக்கும். உள்ளே வெள்ளி மினுக்கும் சிப்ஸ் கவரைப் பழைய பேப்பர் கடையில் வாங்க மாட்டார்கள், அதை வாங்காமல் இருப்பதொன்றே வழி.

இத்தனைக்கும் பிறகு நாப்கின், காலாவதி மாத்திரை, பேட்டரி, உடைந்த கண்ணாடி மிஞ்சும். பூஜ்யம் காட்ட வேண்டுமென்று இவற்றை உலர் குப்பைக்குள் ஒளிக்காதீர்கள், அதைக் கையால் பிரிப்பவர் ஒருவர் இருக்கிறார். நாப்கினைத் தாளில் சுற்றிச் சிவப்பு மையில் பெருக்கல் குறி போடுங்கள். கண்ணாடித் துண்டை அட்டையில் சுற்றிக் கட்டி, மேலே ‘கண்ணாடி’ என்று எழுதி, தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கையில் கொடுங்கள்.