கண்ணாடிக்கு அப்பால் இருப்பதைப் படமெடுக்கும் முறை

சன்னலுக்கோ சட்டமிட்ட ஓவியத்திற்கோ எதிரே நின்று படமெடுக்கும்போது நம் முகமும் அறை விளக்குகளும் படத்தில் புகுந்துவிடுகின்றன. சாதாரணக் கண்ணாடி, தன்மீது செங்குத்தாக விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தை முன்பரப்பிலும் அதே அளவைப் பின்பரப்பிலும் எதிரொளிப்பதே இதற்குக் காரணம். மொத்தம் 8 சதவீதம் என்பது சொற்பமே. ஆனால் நாம் நிற்கும் பக்கம் வெளிச்சமாகவும் மறுபக்கம் இருட்டாகவும் இருந்தால், அந்தச் சொற்பமே மறுபக்கக் காட்சியை மறைத்துவிடும்.

எனவே கருவி வாங்குவதைப் பற்றி யோசிக்கும் முன், உங்கள் பக்கத்து விளக்குகளையும் ஃபிளாஷையும் அணைத்துவிடுங்கள். கண்ணாடியைத் தொடலாம் என்றால், லென்ஸின் விளிம்பை அதனோடு ஒட்டி வைத்து, சுற்றிலும் கறுப்புத் துணியால் மூடுங்கள். பெரும்பாலான நேரங்களில் இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

தள்ளி நின்றே எடுக்க வேண்டுமானால், கோணத்தின் உதவியை நாட வேண்டும். கண்ணாடிக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து சுமார் 56 பாகை விலகி நின்று பார்த்தால், அதில் எதிரொளித்து வரும் ஒளி முழுவதும் ஒரே தளத்தில் அதிர்வதாக இருக்கும். இந்தக் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பு கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணுக்கு, அதாவது ஏறத்தாழ 1.5க்குச் சமம் என்பதே ஸ்காட்லாந்து இயற்பியலாளர் டேவிட் புரூஸ்டர் 1815இல் வெளியிட்ட விதி. ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் போலரைசர் ஃபில்டரை லென்ஸின் முன் பொருத்தி மெதுவாகச் சுழற்றினால், ஒரு நிலையில் அந்த ஒளி ஏறக்குறைய முற்றிலும் தடுக்கப்படும். அங்கேயே நிறுத்திப் படமெடுங்கள். உள்ளே வரும் ஒளி பாதியாகவோ கால்பங்காகவோ குறையுமாதலால், ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்க வேண்டியிருக்கும். நேர் எதிரே நின்றுகொண்டு ஃபில்டரைச் சுழற்றிவிட்டு, பயனில்லை என்று அதைக் குறை சொல்பவர்கள் உண்டு. செங்குத்தாக எதிரொளிக்கும் ஒளியில் தளவிளைவு, அதாவது ஒரே தளத்தில் அதிரும் தன்மை, ஏற்படாது என்பதால் அங்கே ஃபில்டருக்கு வேலையே இல்லை. 56 பாகையை விட மிகவும் சாய்ந்து போவதும் வீண். எதிரொளிப்பு அங்கே விரைவாகப் பெருகும். உலோகப் பூச்சுள்ள முகம் பார்க்கும் கண்ணாடிக்கும் இந்த உத்தி பொருந்தாது.

ஓவியத்தைச் சாய்ந்த கோணத்தில் எடுத்தால் அதன் வடிவம் கோணலாகிவிடும். அதை நேர் எதிரே நின்றுதான் எடுக்க வேண்டும்: இருபுறமும் 45 பாகையில் விளக்குகளை வைத்து, லென்ஸ் நுழையும் அளவு துளையிட்ட கறுப்பு அட்டையைக் கேமராவுக்கு முன் நிறுத்தினால், விளக்கொளி பக்கவாட்டில் எதிரொளித்துச் சென்றுவிடும்; கண்ணாடிக்குப் பிரதிபலிக்கக் கறுப்பு மட்டுமே கிடைக்கும்.