மூக்கு ட்யூப் நழுவாமல் பிளாஸ்திரி போடுவது எப்படி?

பக்கவாதம் வந்து விழுங்க முடியாமல், ரைல்ஸ் ட்யூபோடு (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் உணவுக் குழாய்) வீட்டுக்கு அனுப்பப்பட்டவரைப் பார்த்துக்கொள்கிறீர்களா? அப்படியென்றால் மூக்கில் ஒட்டியது அடிக்கடி கழன்றுவருவதுதான் உங்கள் முதல் தலைவலியாக இருக்கும். பசை போதவில்லை என்று மேலே மேலே ஒட்டாதீர்கள், பெரும்பாலும் மூக்கில் கசியும் எண்ணெய்ப் பசையும் வியர்வையும்தான் காரணம்.

மெடிக்கல் ஷாப்பில் இரண்டு வகை கிடைக்கும். மைக்ரோபோர் காகிதம் போன்றது, தோலுக்கு இதமானது, ஆனால் வியர்த்தால் கழன்றுவிடும். டைனாபிளாஸ்ட் மாதிரி இழுபடும் துணிப் பிளாஸ்திரி நன்றாகப் பிடிக்கும், ஆனால் வயதானவர்களின் மெல்லிய தோலை உரித்துவிடும். எங்கள் வெயிலுக்கு மூக்கில் இரண்டாவதுதான் என் தேர்வு, தோல் சிவந்தால் உடனே முதல் வகைக்கு மாறிவிட வேண்டும்.

மாற்றும்போது ஆள் இரண்டு பேர் வேண்டும், ஒருவர் ட்யூபை மூக்கருகே பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். உணவு கொடுத்த கையோடு இதைச் செய்யாதீர்கள். பழையதைச் சடாரென்று பிய்க்காமல், பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு ஓரத்தில் ஊறவைத்து, ஒரு விரலால் தோலை அழுத்திக்கொண்டு, பிளாஸ்திரியைத் தோலை ஒட்டியபடியே மடக்கி மெதுவாக உரியுங்கள். அப்புறம் முக்கியமான வேலை: அந்த எண்ணெய் துளியும் மிஞ்சாமல் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, ஈரத்துணியால் இன்னொரு முறை துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். இதில் அவசரப்பட்டால் புதிதாக ஒட்டுவதும் சாயங்காலத்துக்குள் தொங்கும்.

சரி, ஒட்டுவது. ஒரு இன்ச் அகலப் பிளாஸ்திரியில் ஏழெட்டு சென்டிமீட்டர் வெட்டி, பாதி நீளம் வரை நடுவில் கத்தரித்தால் பேன்ட் மாதிரி இரண்டு கால் கிடைக்கும், முனைகளை வட்டமாக நறுக்கிவிட்டால் சீக்கிரம் கிளம்பாது. பிளவுபடாத பாதியை மூக்குத்தண்டின் மேல் இழுக்காமல் வைத்து விரலால் அழுத்துங்கள். இழுத்து ஒட்டினால் அது சுருங்கும்போது தோலையும் சேர்த்து இழுத்துக் கொப்புளம் வரும். ஒரு காலை ட்யூபில் வலமாகவும் மற்றதை இடமாகவும் சுற்றி, கடைசி நுனியை மடித்து விட்டால் அடுத்த முறை பிரிக்கச் சுலபம். ட்யூப் மூக்குத் துவாரத்தின் ஓரத்தை அழுத்தாமல் நடுவில் தொங்க வேண்டும், அழுத்தினால் அங்கே புண் வைக்கும்.

கன்னத்தில் இன்னொரு பிளாஸ்திரி போட்டு, மீதி ட்யூபைத் தளர்வாகக் கொண்டுபோய்ச் சட்டைத் தோளில் பின் பண்ணுங்கள். ட்யூபில் பின் குத்தக் கூடாது, அந்த இடத்தில் ட்யூபைச் சுற்றி ஒரு பிளாஸ்திரி ஒட்டி, நீட்டி விட்ட அதன் வாலில்தான் குத்த வேண்டும். தலையணையிலோ கட்டிலிலோ கட்டவே கூடாது, புரண்டு படுத்தால் முழுசும் வந்துவிடும்.

மூக்கு விளிம்பில் ட்யூப் எந்த அளவில் நிற்கிறது என்று அதிலுள்ள சென்டிமீட்டர் குறியைப் பார்த்து, நர்ஸ் சொன்ன எண்ணோடு ஒப்பிட்டு, மார்க்கரில் கோடு போட்டு வையுங்கள். ஒவ்வொரு முறை உணவு கொடுக்குமுன் கோட்டைப் பாருங்கள். அது வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளாதீர்கள், எதுவும் கொடுக்காதீர்கள், நர்ஸைக் கூப்பிடுங்கள். கோடு இடம் மாறாமலே கடும் இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால் உணவை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும், நுனி வாய்க்குள் சுருண்டிருக்கலாம், நுரையீரல் பக்கமும் போயிருக்கலாம்.

யூரின் ட்யூபுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான், தொடையில் ஒட்டும்போது காலை நீட்டினாலும் இழுக்காத அளவு தளர்வு விட்டு ஒட்டுங்கள்.