வாயில் வராதது கையில் வராது: எந்த வயதிலும் டிரம்ஸ் தொடங்க ஒரு வழி

முதல் இரண்டு மாதம் டிரம் செட் வாங்க வேண்டாம். என்னிடம் கற்க வருகிற எல்லாரிடமும், ஆறு வயதுக் குழந்தையைக் கூட்டி வரும் அம்மாவிடமும் சரி, வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருகிறவரிடமும் சரி, நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரு ஜோடி ஸ்டிக், ரப்பர் பிராக்டிஸ் பேட் ஒன்று, போனில் ஒரு மெட்ரோனோம் (சீரான வேகத்தில் கிளிக் தரும் செயலி). இவ்வளவு போதும். செட்டில் உட்கார்ந்ததும் கை சிம்பலைத் தேடிப் போகும், காது முழுக்கச் சத்தம் நிறையும், கை எப்படி அசைகிறது என்பதில் கவனம் நிற்காது. பேடில் அப்படி இல்லை. வலது கை பலமாகவும் இடது கை சோகையாகவும் விழுந்தால் அடுத்த நொடியே கேட்டுவிடும்.

ஸ்டிக் வாங்கும்போது பெரியவர்கள் 5ஏ என்ற அளவை எடுக்கலாம், சின்னக் கைகளுக்கு அதைவிட மெல்லிய 7ஏ. கடையில் ஸ்டிக்கை மேஜைமேல் உருட்டிப் பாருங்கள். தள்ளாடினால் கோணல். பிறகு இரண்டையும் ஒவ்வொன்றாக மேஜையில் தட்டிக் கேளுங்கள். ஒன்று 'டிக்' என்றும் மற்றது 'டொக்' என்றும் ஒலித்தால் அந்த ஜோடி வேண்டாம். எடையிலும் அடர்த்தியிலும் வித்தியாசம் இருக்கிறது என்று அர்த்தம்.

இனி பிடி. இங்கே அவசரப்படவே கூடாது. ஸ்டிக்கின் அடிமுனையிலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தள்ளி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடியுங்கள். மற்ற மூன்று விரல்களும் ஸ்டிக்கைச் சுற்றி லேசாகப் படிந்திருந்தால் போதும். உள்ளங்கை தரையைப் பார்க்கட்டும். இப்போது ஸ்டிக்கை உயர்த்தி, பேடின் மேல் வீசிவிட்டு, அது தானாக எழும்பி வருவதைத் தடுக்காமல் இருங்கள். பந்தைத் தரையில் தட்டும்போது அதைக் கையால் தூக்குவதில்லையே, அதே மாதிரி. கீழே அனுப்புவது உங்கள் வேலை, மேலே வருவது ஸ்டிக்கின் வேலை. புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலானோர் அடித்த இடத்திலேயே ஸ்டிக்கை அழுத்திப் பிடித்துக்கொள்கிறார்கள். அதனால் ஒவ்வொரு அடிக்கும் மறுபடி தூக்க வேண்டியிருக்கிறது, கை சீக்கிரமே கனத்துவிடுகிறது.

இறுக்குகிறீர்களா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. வாசித்துக்கொண்டே உங்கள் கட்டை விரல் நகத்தைப் பாருங்கள். வெளுத்திருந்தால் இறுக்கம். நகம் இளஞ்சிவப்பாகவே இருக்கிற அளவுக்குத்தான் பிடிக்க வேண்டும். வகுப்பில் நான் மாணவர்களின் முகத்தைப் பார்ப்பதைவிட நகத்தைப் பார்ப்பதுதான் அதிகம்.

இடது கையில் மட்டும் ஸ்டிக்கை விரல்களுக்கு இடையே மல்லாக்கப் பிடிக்கிறார்களே, அதைக் கற்க வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். அணிவகுப்பில் தோளில் மாட்டிய டிரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியதால் வந்த பிடி அது. அழகான பிடிதான், ஆனால் தொடக்கத்தில் இரண்டு கைக்கும் ஒரே பிடி இருப்பது நல்லது. ஒரு கை செய்வதைப் பார்த்து மறு கை கற்றுக்கொள்ளும்.

சரி, கை தயார். இப்போது கையைக் கீழே வைத்துவிடுங்கள், வாயைத் திறக்கலாம்.

மெட்ரோனோமை 60-இல் வையுங்கள், நொடிக்கு ஒரு கிளிக். ஒவ்வொரு கிளிக்குக்கும் 'தகதிமி' என்று ஒரு முறை சொல்லுங்கள். 'த' சரியாகக் கிளிக்கின் மேல் விழ வேண்டும், நான்கு எழுத்துக்கும் இடைவெளி ஒன்றாக இருக்க வேண்டும். இது பழகியதும், கிளிக்கை மாற்றாமல் 'தகிட' சொல்லுங்கள். நான்காக இருந்த பிரிவு மூன்றாகிவிட்டது. அப்புறம் நான்கு கிளிக் தகதிமி, நான்கு கிளிக் தகிட என்று மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். மாறும் இடத்தில் எல்லாருக்கும் முதலில் தடுமாறும். தகிட வேகமாக ஓடி கிளிக்குக்கு முன்பே முடிந்துபோகும், இல்லையென்றால் தகதிமியின் வேகத்திலேயே மூன்றெழுத்தைச் சொல்லிவிட்டு அடுத்த கிளிக்குக்காகக் காத்து நிற்பீர்கள். வாயில் இது சரியாகும்வரை ஸ்டிக்கைத் தொட வேண்டாம். வாயில் வராதது கையில் வராது. வாயில் வந்துவிட்டால், கைக்குப் பாதி வேலைதான் மிச்சம். ஐந்துக்குத் தகதகிட, ஏழுக்குத் தகிடதகதிமி என்று பின்னால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் இதே வழியில் போகலாம்.

நோட்டேஷன், அதாவது தாளில் எழுதிய இசைக் குறிப்பு, படிக்கத் தொடங்கும்போது ஒரு அடியை நான்காகப் பிரிக்கும் 'ஒன் ஈ அண்ட் ஆ' என்ற எண்ணிக்கையும் தேவைப்படும். அதையும் கற்றுக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் சண்டை இல்லை. எத்தனையாவது அடியில் இருக்கிறோம் என்பதை எண் காட்டும், உள்ளே ஓடும் பிரிவைத் தகதிமி போன்ற சொற்கட்டு காட்டும்.

வயதுக்கு ஏற்ப எது மாறுகிறது என்று கேட்டால், பாடம் மாறுவதில்லை, வரிசையும் நேரமும்தான் மாறுகின்றன. நான்கைந்து வயதுக் குழந்தைகளுக்கு ஸ்டிக்கே வேண்டாம். நடந்துகொண்டே தகதிமி சொல்வது, ஷேக்கரை ஆட்டுவது, சின்ன டிஜெம்பேயை (ஆப்பிரிக்கக் கை டிரம்) கையால் தட்டுவது, இதெல்லாம் பதினைந்து இருபது நிமிடம் இருந்தால் போதும். கவனம் கலைந்த பிறகு இழுத்துப் பிடித்து உட்கார வைத்தால் அடுத்த வகுப்புக்கு வர அழும். ஏழெட்டு வயதில் ஸ்டிக் நன்றாகவே வசப்படும். பெடலுக்குக் கால் எட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். பதின்ம வயதினர் வேகத்துக்கு ஆசைப்படுவார்கள். அதைத் தடுக்க வேண்டியதில்லை, மெதுவாக வாசித்ததை முதலில் பதிவு செய்து கேட்க வைத்தால் அவர்களே நிதானத்துக்கு வந்துவிடுவார்கள்.

பெரியவர்களுக்கு வேறு சிக்கல். புரிதல் வேகமாக வந்துவிடும், கை பின்னால் வரும். அந்த இடைவெளி அவர்களுக்குப் பெரிய சங்கடமாக இருக்கிறது. "மாஸ்டர், மண்டைக்கு ஏறிடுச்சு, கைக்கு இறங்க மாட்டேங்குதே, இனிமே எங்க வரப்போகுது?" என்று அறுபதைத் தாண்டிய ஒருவர் கேட்டார். "சார், தோளை இறக்கி விடுங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றேன். அவர் இரண்டு தோளும் காதருகே ஏறி நின்றன. இறக்கியதும் அதே வரியை அதே வேகத்தில் தடையில்லாமல் வாசித்தார். பெரியவர்களின் தடை பெரும்பாலும் இப்படித் தோளிலும் தாடையிலும்தான் உட்கார்ந்திருக்கும். வாசிக்கும்போது பல்லைக் கடிக்கிறீர்களா, மூச்சை அடக்குகிறீர்களா என்று கவனியுங்கள். மூட்டு வலி உள்ளவர்கள் சற்றுத் தடித்த ஸ்டிக்கைப் பயன்படுத்தினால் விரல்களை அதிகம் மடக்க வேண்டியிருக்காது. களைப்பு சகஜம், ஆனால் குத்துகிற வலியோ மரத்துப்போவதோ வந்தால் அன்றைக்கு அங்கேயே நிறுத்துங்கள். தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

ரூடிமெண்ட் என்கிற அடிப்படைப் பயிற்சிகளுக்கு வருவோம். 1933-இல் அமெரிக்க டிரம்மர்கள் கூடி 13 பயிற்சிகளை அத்தியாவசியம் என்று வகுத்தார்கள். இன்றைக்குச் சர்வதேசப் பட்டியலில் 40 இருக்கின்றன. நாற்பதையும் கண்டு மலைக்க வேண்டாம். ஒற்றை அடி, இரட்டை அடி, பாரடிடில், ஃப்ளாம் (முழு அடிக்குச் சற்று முன்னால் மறு கையால் ஒரு மெல்லிய அடி) ஆகிய நான்கையும் நன்றாகப் பிடித்தால் மற்றவை பெரும்பாலும் இவற்றின் கலவைதான். இரட்டை அடியில் இரண்டாவது அடி எப்போதும் மெலிந்து போகும். அதற்கு மருந்து, கொஞ்ச நாள் இரண்டாவது அடியை வேண்டுமென்றே அழுத்தி வாசிப்பது. பாரடிடில் இப்படிப் போகும்: வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது. தகதிமி தகதிமி என்று சொல்லிக்கொண்டே வாசியுங்கள். ஒவ்வொரு 'த'வுக்கும் கை தானாக மாறுவதைக் கவனிப்பீர்கள். பின்னாளில் செட்டில் ஒரு டாம் டிரம்மிலிருந்து இன்னொன்றுக்குக் கை சிக்காமல் போக இதுதான் உதவும்.

வேகத்தை ஏற்ற ஒரே விதி வைத்திருக்கிறேன்: ஒரு வேகத்தில் இரண்டு நிமிடம் நகம் வெளுக்காமல் வாசிக்க முடிந்தால் நான்கு ஏற்றுங்கள், 60-இலிருந்து 64. தடுமாறினால் மறுபடி இறக்குங்கள். தினம் இருபது நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் என்பது கைக்கும் நல்லதில்லை, நினைவிலும் நிற்காது.

செட்டில் உட்காரும் நாள் வந்ததும் முதலில் ஸ்டூலைச் சரிசெய்யுங்கள். இடுப்பு முழங்காலைவிடச் சற்றே உயரத்தில் இருந்தால் கால் லேசாக இயங்கும். முதல் தாளம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான்கு எண்ணுவதற்குள் ஹை-ஹேட்டில் (ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் சிம்பல் ஜோடி) எட்டு அடி, எண்ணிக்கை ஒன்றிலும் மூன்றிலும் காலால் அடிக்கும் பேஸ் டிரம், இரண்டிலும் நான்கிலும் ஸ்னேர் (முன்னால் இருக்கும், அடியில் கம்பி கட்டிய டிரம்). ஹை-ஹேட்டும் பேஸ் டிரமும் சேர்ந்து விழும் இடத்தில் காதை வையுங்கள். 'ட-டும்' என்று இரண்டு சத்தம் கேட்டால் கையும் காலும் சேரவில்லை. ஒரே சத்தமாக ஒட்டும்வரை அந்த ஒரு அடியை மட்டும் வாசியுங்கள். அடுத்து, ஹை-ஹேட்டைக் குறையுங்கள். புதியவர்கள் எல்லாரும் அதைத்தான் பலமாக அடிப்பார்கள். தாளத்தைத் தாங்குவது பேஸ் டிரமும் ஸ்னேரும்தான்.

செட்டின் அருகே சத்தம் 100 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம் என்பது அமெரிக்காவின் பணியிடச் சுகாதார ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். கணக்குப் போட்டால் 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான். காது மூடி இல்லாமல் என் வகுப்பில் யாரும் செட்டில் உட்கார முடியாது, குழந்தையாக இருந்தாலும் கச்சேரி வாசிப்பவராக இருந்தாலும். போன செவி திரும்பி வராது.

கையால் வாசிக்கும் கஹோன் (மேலே உட்கார்ந்து தட்டும் மரப் பெட்டி), காங்கா (உயரமான கை டிரம்), டிஜெம்பேக்கு வருகிறவர்கள் முதலில் மோதிரத்தைக் கழற்றுங்கள், விரலும் தோலும் இரண்டுமே தப்பிக்கும். நடுவில் உள்ளங்கை பட்டால் பேஸ், ஓரத்தில் விரல்கள் சேர்ந்து பட்டு எழுந்தால் டோன், விரல் நுனி சொடுக்கி விழுந்தால் ஸ்லாப். இந்த மூன்றும் கண்ணை மூடிக் கேட்டாலும் வேறு வேறாகத் தெரிய வேண்டும். ஸ்லாப் பலத்தால் வருவதில்லை, கையைத் தளர்த்தினால்தான் வரும்.

ஏற்கெனவே சில வருடம் வாசித்தவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை, மெட்ரோனோமைக் குறைப்பது. 120-இல் வாசிக்கும் தாளத்தை, வேகத்தை மாற்றாமல், மெட்ரோனோமை மட்டும் 30-இல் வைத்து வாசியுங்கள். நான்கு அடிக்கு ஒரு கிளிக்தான் வரும், நடுவில் இருப்பதை நீங்களே சுமக்க வேண்டும். கிளிக்குக்கு முன்னால் போய்விடுகிறீர்களா, பின்தங்குகிறீர்களா என்று பதிவு செய்து கேளுங்கள். முன்னால் ஓடுகிறவர்களுக்கு ஃபில் (தாளத்தின் நடுவே இடத்தை நிரப்ப வாசிக்கும் சிறு அலங்காரம்) வாசிக்கும் இடத்தில்தான் அது நடக்கும். அந்த ஃபில்லை மட்டும் எடுத்து, ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு, முழுதாக வாயால் சொல்லிப் பாருங்கள். எந்த எழுத்து விழுங்கப்படுகிறதோ அந்த அடியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.