டாக்எக்ஸ் கோப்புகளில் பழுதான படங்களைப் பைத்தான் கொண்டு சரிசெய்வது எப்படி?

வேர்டு ஆவணத்தைத் திறந்தால் படம் இருக்க வேண்டிய கட்டத்தில் சிவப்புப் பெருக்கல் குறிதான் தெரிகிறது. ஒன்றிரண்டு கோப்பு என்றால் கையாலேயே மாற்றிவிடலாம். கோப்புறை நிறையக் கிடந்தால் நிரல்தான் வழி. பழைய ஆவணத் தொகுப்பு ஒன்றைச் சீராக்க நான் கையாண்ட முறையை இங்கே தருகிறேன். பைத்தானில் கோப்பு படிக்கவும் ஃபார் லூப் எழுதவும் தெரிந்தால் போதும். தொடங்குமுன் எல்லாவற்றையும் நகலெடுத்துக்கொள்ளுங்கள், வேலை முழுவதும் நகலில்தான்.

டாக்எக்ஸ் என்பது ஒரு ஜிப் கோப்பு. பிரித்துப் பார்த்தால் உள்ளே 'வேர்டு' கோப்புறையும் அதற்குள் 'மீடியா'வும் இருக்கும். படங்கள் எல்லாம் அங்கேதான். எந்த அடையாள எண்ணுக்கு எந்தப் படம் என்ற பட்டியல் 'ரெல்ஸ்' கோப்புகளில் இருக்கும். படம் உள்ள ஹெட்டர், ஃபுட்டர் ஒவ்வொன்றுக்கும் தனி ரெல்ஸ் உண்டு. லோகோ பெரும்பாலும் அங்கேதான் இருக்கும் என்பதால் அவற்றையும் பாருங்கள்.

இந்த வேலைக்குப் பலரும் பைத்தான்-டாக்எக்ஸ் நூலகத்தைத்தான் முதலில் எடுப்பார்கள். புதிய ஆவணம் உருவாக்க அது அருமையானது, பழுதுபார்க்க நான் அதைத் தொடமாட்டேன். படம் தொலைந்த சில ஆவணங்களில் ரெல்ஸ் பட்டியல் 'நல்' (NULL, அதாவது வெறுமை) என்ற கோப்பைச் சுட்டும். அப்படி ஒரு கோப்பு ஜிப்புக்குள் இருக்காது. நூலகம் ஆவணத்தைத் திறக்கும்போதே 'கீஎர்ரர்' என்ற பிழையை எழுப்பி நின்றுவிடும். ஜிப்பைப் படிக்கவும் எழுதவும் பைத்தானோடு வரும் ஜிப்ஃபைல், படங்களுக்குத் தனியாக நிறுவ வேண்டிய பில்லோ நூலகம், இந்த இரண்டும் போதும்.

இனி பரிசோதனை. அதிக நேரத்தை விழுங்கும் இடம் இதுதான். பில்லோவின் 'ஓபன்' படத்தின் தலைப்பகுதியை மட்டுமே படிக்கும், பாதியில் அறுந்த ஜேபெக் கூட அதில் தேறிவிடும். 'வெரிஃபை' என்று ஒரு செயல்பாடு இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். அது படத்தை முழுதாக விரித்துப் பார்ப்பதில்லை. 'லோட்' அழைத்தால்தான் ஒவ்வொரு புள்ளியும் படிக்கப்படும், அறுந்த படம் அங்கே பிழை எழுப்பும். ஆகவே மீடியாவில் உள்ள ஒவ்வொரு படத்தையும் பைட்ஸ்ஐஓ (நினைவகத்தில் உள்ள பைட்டுகளைக் கோப்புபோல் படிக்க உதவுவது) வழியாகத் திறந்து, பிழையைப் பிடிக்கும் ட்ரை-எக்ஸெப்ட்டுக்குள் 'லோட்' செய்யுங்கள்.

அறுந்த படத்தில் மிஞ்சியதை மீட்க, பில்லோவின் இமேஜ்ஃபைல் கூறில் 'லோட் டிரங்கேட்டட் இமேஜஸ்' என்ற அமைப்பை உண்மை (True) என்று வையுங்கள். பிறகு மறுபடி 'லோட்' செய்து, பழைய வடிவத்திலேயே சேமியுங்கள். மீட்பு முடிந்ததும் அதை உடனே அணைத்துவிட வேண்டும். இது நிரல் முழுவதற்கும் பொதுவான அமைப்பு. அணைக்காவிட்டால் அடுத்து வரும் அறுந்த படங்களும் பிழையே காட்டாமல் 'நல்ல படம்' ஆகிவிடும்.

திறக்கவே திறக்காத படம் என்றால் முதல் பைட்டுகளைப் பாருங்கள். ஜேபெக் 255, 216 என்று தொடங்கும், பிஎன்ஜி 137, 80, 78, 71 என்று தொடங்கும். இரண்டும் இல்லை, வேறு வடிவமும் இல்லை என்றால் அதை மீட்க வழியில்லை. அந்தப் படத்தை நீக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சுட்டும் இடம் இருந்து படம் இல்லாமல் போனால் ஆவணம் மேலும் கெடும், பக்க அமைப்பும் குலையும். அதே பெயரில், அதே வடிவத்தில், 'படம் கிடைக்கவில்லை' என்று எழுதிய சாம்பல் நிறப் படம் ஒன்றை வைத்துவிடுங்கள். பிறகு வருபவருக்கு இங்கே ஒரு படம் இருந்தது என்றாவது தெரியும். அகல உயர விகிதத்தை, அந்தப் படம் இடம்பெறும் எக்ஸ்எம்எல் கோப்பில் உள்ள 'எக்ஸ்டென்ட்' குறி சொல்லும். அதன் அலகில் ஓர் அங்குலத்துக்கு 9,14,400. மூலப் படம் கிராப் செய்யப்பட்டிருந்தால் அந்த வெட்டு புதிய படத்துக்கும் விழும், எனவே 'எஸ்ஆர்சி ரெக்ட்' குறியை நீக்கிவிடுங்கள்.

'நல்' சுட்டிகளுக்கும் இதே படம்தான். மீடியாவில் புதிய பெயரில் அதைப் பிஎன்ஜியாகச் சேர்த்து, ரெல்ஸில் இலக்கை மாற்றுங்கள். ஜிப்பில் உள்ள கோப்பு வகைகளைப் பட்டியலிடும் 'கன்டென்ட் டைப்ஸ்' கோப்பில் பிஎன்ஜி வகை பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் கோப்பு சிதைந்துவிட்டது என்று வேர்டு சொல்லும்.

கடைசியாகச் சேமிப்பு. ஜிப்ஃபைலால் உள்ளிருக்கும் கோப்பை மாற்றி எழுத முடியாது. பழைய ஜிப்பிலேயே அதே பெயரில் எழுதினால் இரண்டு பதிவுகள் சேர்ந்துவிடும். புதிய ஜிப் ஒன்றைத் திறந்து, மாறாதவற்றை அப்படியே நகலெடுத்து, மாறியவற்றை மட்டும் புதிதாக எழுதுங்கள்.

பின்சேர்க்கை: நல்ல வரைபடங்களையும் நிரல் பழுது என்று காட்டுகிறதே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவை இஎம்எஃப், டபிள்யூஎம்எஃப் என்ற விண்டோஸ் வரைபட வடிவங்களில் உள்ள படங்கள். பில்லோ இவற்றை விண்டோஸில் மட்டுமே விரிக்கும். எஸ்விஜி என்ற வரைபட வடிவத்தை எங்குமே படிக்காது. இந்த மூன்று வகையையும் பரிசோதனைப் பட்டியலிலிருந்து விலக்கி, லிப்ரே ஆஃபீஸில் திறந்து கண்ணால் பார்த்துவிடுங்கள்.